திரை இங்கே, கணினி அங்கே

மும்பையிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இடம் பொன்னைப் போன்றது. ஓர் அறையே படுக்கையறை. அதுவே பிள்ளைகளின் படிப்பறை. அதுவே அலுவலகமும் ஆகிறது. அதன் மூலையில் பழைய மேசைக்கணினி ஒன்று இருக்கும்; மற்றொருபுறம் மடிக்கணினி இருக்கும். மேசைக்கணினியின் திரை ஒருநாள் பழுதாகிவிட்டால், 'புதுத்திரை வாங்குவானேன்? மடிக்கணினியின் திரையையும் விசைப்பலகையையும் கொண்டே இதனை இயக்கலாகாதா?' என்று எண்ணுவது இயற்கையே.

இயக்கலாம். ஆயினும் பலர் முதலில் செய்யும் முயற்சி வீணாகிறது. எச்.டி.எம்.ஐ. கம்பியொன்றை வாங்கி இரண்டையும் இணைத்துப் பார்க்கின்றனர். திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. நாமும் அவ்வாறு ஏமாந்தவர்களே. காரணம் எளிது. பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்த வாயில் படத்தை வெளியே அனுப்புவதற்கே அமைந்தது, உள்ளே ஏற்பதற்கன்று. இரு குழாய்களை வாயோடு வாய் பொருத்தினால் குடம் நிரம்புமா?

வீட்டு வைஃபையே நல்வழி. முதலில் மேசைக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொள்க. அக்கம்பி இங்கே பயன்படும். பின்னர் விண்டோஸ் அமைப்புகளில் 'ரிமோட் டெஸ்க்டாப்' என்பதனை இயக்கி, கணினியின் பெயரைக் குறித்துக்கொள்க. பயனர் கணக்கிற்குக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். கணினி தானே உறங்கிவிடாதபடியும் அமைத்தல் வேண்டும். இனித் தொலைக்காட்சி வேண்டா. மடிக்கணினியில் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' என்பதனைத் திறந்து, குறித்த பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால், மூலையிலுள்ள கணினி மடியில் வந்து நிற்கும். மேசைக்கணினியில் இருப்பது விண்டோஸின் ஹோம் பதிப்பாயின் இவ்வசதி இல்லை. அப்போது குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற இலவசச் செயலியை நாடலாம்.

இதில் உழைப்பு முழுவதும் மேசைக்கணினியுடையதே. மடிக்கணினிக்கு வருவது காட்சி. அங்கிருந்து போவன நம் விசைத்தட்டல்களும் சுட்டியின் அசைவுகளும். ஆதலின் வலுக்குன்றிய பழைய மடிக்கணினியும் இதற்குப் போதும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தார் 1990-களில் உருவாக்கிய வி.என்.சி. என்னும் முறை, திரையில் மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும் சிக்கனத்தைக் கையாண்டது. ஒன்றை மறத்தலாகாது: விண்டோஸ் எழுந்த பின்னரே இவ்வழி பயன்படும். தொடக்கத்திலேயே கணினி தடுமாறினால், அதற்கென நேரே ஒரு திரை வேண்டும்.

அறையின் மூலைக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும். தஞ்சையிலோ நெல்லையிலோ தனித்திருக்கும் பெற்றோரின் கணினியை, அவர்கள் இசைவோடு, நாம் இங்கிருந்தே சீர்செய்து தரலாம். விண்டோஸிலுள்ள 'குவிக் அசிஸ்ட்' என்பது, ஒருமுறைக் குறியீட்டைப் பெற்றோர் இட்டு 'சரி' என்றால்தான் திறக்கும். மகன் வர இயலாத ஊருக்கு மகனின் கைகளேனும் சென்று சேர்கின்றன.

ஆனால் மகனின் கைகள் நுழையும் அவ்வாயிலிலே கள்வனின் கைகளும் நுழையக்கூடும். 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று அழைத்து, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் செய்து, கணக்கிலுள்ள பணத்தைக் கவரும் கூட்டம் உண்டு. ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. ஆதலின் பெற்றோருக்கு நாம் சொல்லித்தர வேண்டிய முதற்பாடம் செயலியின் பெயரன்று. தாமே முயன்று தம் பிள்ளையை அழைத்தாலன்றி, எவர் கேட்பினும் குறியீட்டைச் சொல்லவோ இடவோ ஆகாது என்பதே அது. ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் நாணி மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கட்டும். நாமும் அவர்களைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்துகொண்டால் மறுமுறை நம்மிடம் சொல்ல அஞ்சுவர்.

வீட்டுச் சாவியை யாரிடம் தருவது என்பதை நம் பெற்றோர் நன்கறிவர். இதுவும் ஒரு சாவியே என்று உணர்த்திவிட்டால் போதும். எஞ்சியவற்றை அவர்களே பார்த்துக்கொள்வர்.