ஒரே கடிகாரம், இரண்டு பொழுது

ஜூன் மாதம் மும்பையில் சூரியன் உதிக்கும்போது காலை மணி ஆறு. அதே நாளில் அசாம் மாநிலம் டிப்ரூகரில் நாலேகால் மணிக்கே விடிந்துவிடுகிறது. இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான், பொழுதுதான் வேறு!

இந்த வித்தியாசம் தெரியாததால் எங்கள் குடும்பத்தில் ஒரு மனஸ்தாபமே வந்துவிட்டது.

என் தங்கை கணவருக்கு டிப்ரூகர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபிட்டர் வேலை. பிள்ளைகளின் படிப்புக்காகத் தங்கை மும்பையில் எங்களோடு இருக்கிறாள். இரவு சமையல் வேலை முடித்து ஒன்பதரை மணிக்குப் போன் செய்வாள். அவர் எடுக்கமாட்டார். "பணம் அனுப்பினால் போதுமா, அண்ணா?" என்று அழுவாள். எனக்கும் கோபம். டிசம்பரில் லீவும் பாஸும் வாங்கிக்கொண்டு, நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று புறப்பட்டேன்.

தோட்டத்து மணி

போய்ச் சேர்ந்த அன்று மாலை நாலரை மணிக்கே அங்கு இருட்டிவிட்டது. மும்பையில் அந்த வேளையில் நாம் ஆபீசில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்போம்.

தோட்டத்துக் கடிகாரமோ என் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. வெளிச்சம் வீணாகாமல் இருக்க வெள்ளைக்காரர் காலத்தில் செய்த ஏற்பாடு. 'பாகான் டைம்' என்கிறார்கள். பாகான் என்றால் தோட்டம்.

"உங்கள் ஒன்பதரை எனக்குப் பத்தரை, மச்சான். விடியுமுன் எழுந்திருக்க வேண்டாமா?" என்றார் மாப்பிள்ளை. கேட்க நினைத்த நாலு வார்த்தையும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சென்னை நேரம்

பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிஷம் ஆகிறது. மும்பைக்கும் டிப்ரூகருக்கும் 22 பாகை தூரம். ஆகவே சுமார் ஒன்றரை மணி வித்தியாசம். டிப்ரூகர் வடக்கே தள்ளி இருப்பதால் கோடையில் விடிவதும் குளிர்காலத்தில் இருட்டுவதும் இன்னும் முந்திக்கொள்கின்றன. 1906 ஜனவரி 1 முதல், மிர்சாப்பூர் அருகே செல்லும் எண்பத்திரண்டரை பாகைக் கோட்டின் நேரமே இந்தியாவின் அதிகாரபூர்வ நேரம்.

அதற்கு முன் ரயில்கள் ஓடியது நம் சென்னை நேரத்தில்! பம்பாய் நேரம் அதற்கு அரை மணி பின்னால். ஊர்க் கடிகாரத்தை நம்பி ஸ்டேஷனுக்கு வந்தவர், வண்டி விட்டுச் சென்ற புகையைத்தான் பார்த்திருப்பார்.

வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. 2018-ல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகளும் இரண்டு நேரம் சாத்தியமே என்று எழுதினார்கள். ரயில்வேக்காரனுக்கு ஒரே தண்டவாளத்தில் இரண்டு நேரம் என்றால் வயிற்றைக் கலக்கும். ஆனால் மூன்று மணிக்குமேல் வெளிச்சம் மங்கிவிடும் ஊரில் பத்து மணிக்கு ஆபீஸ் திறப்பவரின் கஷ்டமும் இப்போது புரிகிறது.

யார் சோம்பேறி?

"ஏழு மணிக்கே கடையைச் சாத்துகிற சோம்பேறி ஊர்" என்று நானே சொன்னதுண்டு. அவர்கள் எழுந்து பாதி வேலை முடித்த பிறகுதான் நாம் பால் பாக்கெட் வாங்கவே கதவைத் திறக்கிறோம். நள்ளிரவிலும் விளக்கு எரியும் மும்பையைப் பார்த்து, "இவர்கள் தூங்கவே மாட்டார்களா?" என்று அவர்களும் கேட்கிறார்கள்.

இப்போது தங்கை ஏழரை மணிக்கே போன் செய்கிறாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார். சமையல்தான் கொஞ்சம் தாமதமாகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.