பொருளும் பெயரும்: ஊர் அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டு எழுதுதல்

1. சிக்கலின் இயல்பு

மார்டள்ளி கர்நாடக மாநிலத்தின் தென்கோடியில், மாதேசுவர மலைப்பகுதியை அடுத்து அமைந்த ஊர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கு மிகுதி. இவ்வூரை உள்ளடக்கிய பழைய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பெற்றது. 1997இல் மைசூர் மாவட்டத்தினின்றும் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று. குடிகள் இருந்த இடத்திலேயே இருக்க, நிருவாக எல்லைகள் மட்டும் அவர்களைக் கடந்து சென்றன.

ஊர்ப்பெயரும் நோக்கத்தக்கது. கன்னடத்தில் சொன்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்ததை மொழியியலார் நன்கறிவர். தமிழில் 'பள்ளி' என நிற்பதன் இனச்சொல் அங்கு 'ஹள்ளி' ஆயிற்று. அது ஹகரம் இழந்து 'அள்ளி' என ஒலிக்கும் வழக்கும் எல்லைப்புறங்களில் பெரிதும் உண்டு. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியை மாரண்டஅள்ளி என எழுதுவோர் பலர். மார்டள்ளி என்பதன் ஈற்றையும் இவ்வகையில் அடக்கலாம்.

இத்தகைய ஊரில் ஓரறை அருங்காட்சியகம் ஒன்றை ஊராரே அமைத்து நடத்த முற்பட்டால், அங்கு வைக்கப்பெறும் பொருள்களின் அடியில் எந்தச் சொல்லை எழுதுவது? ஊர் அருங்காட்சியகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பணம், கட்டடம், பணியாளர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவை வேண்டுவனவே. ஆயினும் ஊரார் தொடர்ந்து அவ்வறையின் கதவைத் திறப்பதும் திறவாமற் போவதும் பெயர்ச்சீட்டின் மொழியைப் பெரிதும் சார்ந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து. அது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தலையிட வேண்டிய இடமுமாகும்.

மைசூரில் பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகம் 1968இல் நிறுவப்பெற்றது. செயலட்சுமி விலாச மாளிகையில் அமைந்தது. அது அறிஞர் திரட்டிய தொகுதி. இங்கு நாம் கருதுவது வேறு வகை. பொருளைப் பயன்படுத்தியவரே பொருளைத் தந்து, காத்து, காண்போர்க்கு விளக்கவும் செய்யும் வகை. 1971இல் பிரான்சில் உய்க் தெ வரீன் 'எக்கோமியூசியம்' என்ற சொல்லை வழங்கியதும், 1972இல் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் யுனெசுகோ கூட்டிய வட்டமேசைக் கூட்டம் அருங்காட்சியகத்தின் சமூகக் கடமையை வலியுறுத்தியதும் இவ்வகைக்கு உலக அளவில் ஒரு பெயரைத் தந்தன. செயல் அதற்கு முன்பும் பல ஊர்களில் இருந்தது.

2. லயன் அறையில் ஓர் அருங்காட்சியகம்

தமிழ்ச் சூழலில் இதற்குத் தக்க சான்று இலங்கையின் மலையகத்தில் உள்ளது. கம்பளைப் பகுதியின் ஓல்டு பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த பழைய லயன் குடியிருப்பிலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் 2007இல் அமைக்கப்பெற்றன. அமைத்தது கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம். வீட்டுப் புழங்குபொருள்கள், தொழிற்கருவிகள், அணிகலன்கள், இசைக்கருவிகள், ஒளிப்படங்கள், பழைய ஆவணங்கள் என்பன அங்கு இடம்பெற்றன. கோ. நடேசய்யர், சி.வி. வேலுப்பிள்ளை முதலியோரின் பணியும் அங்கு நினைவுகூரப்படுகிறது.

இச்சான்று கர்நாடகத்திற்குத் தொலைவானது எனக் கருத வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் முடிவுசெய்யப்பெற்றது. அவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், மற்றொரு பகுதியினர் கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களின் இரப்பர் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். கம்பளையில் வழங்கும் சொற்கள் இம்மாநிலத்திற்கும் பெட்டி படுக்கையுடன் வந்து சேர்ந்தவையே.

நடுவில் நின்று நோக்கினால் அக்கட்டடமே ஒரு சொற்றொகுதி. 'லயன்' அல்லது 'லயம்' என்பது வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. வரிசையில் ஒவ்வோர் அறையும் 'காம்பரா', இது போர்த்துக்கீசியம். அறையின் முன்னுள்ள ஒடுங்கிய திண்ணை 'இஸ்தோப்பு'. இது ஒல்லாந்துச் சொல். பத்தடி அறையொன்றைச் சுட்டுவதற்கு மூன்று ஐரோப்பிய மொழிகள் வேண்டியிருந்தன. 'குடியிருப்பு', 'அறை', 'முன்றில்' எனத் தூய தமிழில் எழுதிவிட்டால் பொருள் விளங்கும்; வரலாறு மறையும். தோட்டத்துப் பெண் ஒருவர் அச்சீட்டைப் படித்துவிட்டு இது யாருடைய வீடு என்று வினவவும் கூடும்.

3. தமிழிலிருந்து தமிழுக்கு

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் பின்னர்ச் சிங்களத்துடன் தமிழும் ஆட்சிமொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே அங்கு எழுதப்படும் பெயர்ச்சீட்டு இயல்பாகவே மும்மொழிப் பணி. ஆனால் கடினமான மொழிபெயர்ப்பு சிங்களத்திற்கோ ஆங்கிலத்திற்கோ செய்வதன்று. தமிழிலிருந்து தமிழுக்குச் செய்வது.

'துண்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வருபவர் அதனைத் தோளில் இடும் துணி என்றே கொள்வார். தோட்டத்தில் அது ஒரு சீட்டு. தொழிலாளி கங்காணியிடம் பட்டிருந்த கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்ப்பவரிடம் அவரை அனுப்ப இசைவதாக எழுதித் தருவது. துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. ஆங்கில ஆட்சியாவணங்கள் இச்சொல்லை அப்படியே எடுத்தாண்டமையால் ஆங்கிலச் சீட்டில் சிக்கல் இல்லை. தமிழ்ச் சீட்டிற்கே விளக்கம் வேண்டியுள்ளது. இதனை வியப்பு எனக் கொள்ளாமல் கிளைவழக்குகளுக்கிடையிலான மொழிபெயர்ப்பிற்குச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

'பேர்' மற்றொன்று. ஒருநாள் வேலைக்குரிய பதிவும் அதன் வழிக் கூலியும் 'பேர்' எனப்படும். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு 'அரைப் பேர்'. பதிவேட்டில் பெயருக்கு நேரே இடும் குறியினின்று இவ்வழக்குத் தோன்றியிருத்தல் கூடும். 'அரைநாட் கூலி' என்ற பெயர்ப்பு கணக்கிற் சரியானது. ஆயினும் ஒருவரின் பெயரையே பாதியாக்கும் தொடரில் உள்ள குத்தலை அது தாங்காது. 'பிரட்டு' என்பதும் அவ்வாறே. காலையில் தொழிலாளரை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் களம் 'பிரட்டுக்களம்'. படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. 'வருகைப் பதிவு' என எழுதினால் அணிவகுப்பு போய்விடுகிறது. அலுவலகம் ஒன்று வந்து அமர்ந்துகொள்கிறது.

பொருள்களின் பெயர்களிலும் இந்நிலை உண்டு. மலைமழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை இட்டுக்கொள்ளும் 'கம்பளி', இடுப்பிற் சுற்றும் 'படங்கு', கொழுந்து மட்டத்தை அளக்கச் செடிமீது வைக்கும் 'மட்டக்கம்பு' ஆகியவற்றிற்குப் பொதுத்தமிழில் நிகரன் தேடுவது வீண். கம்பளி என்ற சொல் எல்லார்க்கும் தெரியும். அதனை அணியும் முறை தெரியாது. ஆகவே இங்குப் பெயரை மாற்றாமல், அணியும் முறையை ஒரு வரியில் கூற வேண்டும். 'கவ்வாத்து' மறுதலையான எடுத்துக்காட்டு. தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்துதலைக் குறிக்கும் இச்சொல்லைத் தமிழகத் தோட்டக்கலையாளர் 'கவாத்து' என்ற வடிவில் அறிவர். அதற்கு விளக்கம் மிகையாகும்.

4. சீட்டு எழுதும் முறையும் அறை நடத்தும் முறையும்

பொருளைத் தருபவர் கூறும் பெயரை அவர் கூறியவாறே முதல் வரியில் பெரிய எழுத்தில் எழுதுவது நன்று. அதன்கீழ் அப்பொருளைப் பற்றி அவர் சொன்ன ஒரு தொடர். அதன்பின் பொதுத்தமிழ் விளக்கம். வேண்டுமாயின் பிற மொழிகள். இவ்வரிசையைத் தலைகீழாக்கிப் பொதுத்தமிழை மேலே வைக்கும் வழக்கமே பெரும்பான்மை. அவ்வாறு செய்தால் தந்தவரின் சொல் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கும் கொச்சையாகி விடுகிறது.

இங்கு இரட்டை வழக்கு குறுக்கிடும். 'தொரை' எனப் பேசியவர் குறிப்பேட்டைக் கண்டதும் 'துரை' என்பார். லேபாவ் கூறும் நோக்குநர் முரண் என்பது இதுவே. கேட்பவர் ஊர்க்காரராக, இயன்றால் தந்தவரின் பேரன் பேத்தியாக இருப்பின் இம்மாற்றம் குறையும். ஒலிப்பதிவு ஒன்று இருந்தால் எழுத்துவடிவம் பற்றிய ஐயம் பின்னர் எழும்போது உதவும். பள்ளி மாணவர்க்கு இதனைப் பயிற்சியாகத் தரலாம்; சொல்லை அவர்கள் திருத்தாமல் பார்த்துக்கொள்வதே ஆசிரியரின் வேலை.

அறையை நடத்துவதில் முதன்மையானது வரவுப் பதிவேடு. எண், பெயர், தந்தவர், நாள், கொடையா இரவலா என்ற ஐந்தும் எழுதித் தந்தவரின் கையொப்பம் பெறாமல் ஒரு கரண்டியைக்கூட வாங்குதல் கூடாது. கொடைக்கும் இரவலுக்கும் வேறுபாடு எழுதப்படாமையால் எழும் பூசல் ஊரையே இருபிரிவாக்க வல்லது. ஒரே வகைப் பொருள் பல வந்தால் மறுக்கத் துணிய வேண்டும். அல்லது பொருளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பெயரையும் ஒளிப்படத்தையும் மட்டும் பதியலாம். மலைநாட்டில் ஈரமே பெரும்பகை. தாளையும் துணியையும் சுவரில் ஒட்டாமல் நிறுத்தி, வெயில் நேரே படாது காத்து, கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் செலவில்லாத காப்பு. வசம்பு, வேப்பிலை முதலிய பழைய முறைகள் பூச்சியை ஓரளவு விலக்கும். ஆனால் இலை தாளின்மேற் படக்கூடாது.

சமூக ஆதரவு என்பதை நன்கொடைப் பெட்டியின் கனத்தால் அளப்பவர் உளர். சீட்டைத் திருத்தும் உரிமை ஊரார்க்கு உண்டா என்பதே அதனினும் நல்ல அளவுகோல் எனத் தோன்றுகிறது. அச்சடித்துக் கண்ணாடியிட்ட சீட்டைத் திருத்த எவரும் முன்வாரார். அட்டையில் கையால் எழுதி நாளிட்டு வைத்தால், 'எங்கள் தோட்டத்தில் இதற்கு வேறு பேர்' என்று ஒருவர் வந்து சொல்வார். அப்பெயரையும் சேர்த்துப் புதிய அட்டை எழுதிப் பழையதைக் கழிக்காமல் பேழையில் வைக்க வேண்டும். சில ஆண்டுகளில் அப்பேழை கிளைவழக்கு ஆய்வாளர்க்கு, அறையிலுள்ள பொருள்களினும் மதிப்புடையதாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி 1966இல் வெள்ளையர்க்குரியதாக அறிவிக்கப்பட்டு, 60,000க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கான அருங்காட்சியகம் 1994இல் பழைய தேவாலயம் ஒன்றில் திறக்கப்பெற்றபோது, தரையில் விரிக்கப்பட்ட தெருப்படத்தில் முன்னாள் குடிகளே தம் வீடிருந்த இடத்தையும் பெயரையும் எழுதினர். இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப்பலகைகள் அங்குத் தொங்கின. ஊராரின் கையெழுத்தே அங்குக் காட்சிப்பொருள்.

5. மக்களின் பெயர்

பொருளுக்குப் பெயரிடுவதினும் அரியது, பொருளை வைத்திருந்தவர்க்குப் பெயரிடுவது. இலங்கைக் குடிமதிப்பு 1911 முதல் இவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனித்துக் காட்டிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இவர்களுள் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அந்நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் பெருமளவு தீர்ந்தது. இவ்வரலாற்றின் பின் 'இந்திய' என்ற அடைமொழி வெறும் தோற்றக்குறிப்பாக நிற்பதில்லை. 'மலையகத் தமிழர்' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். 2023இல் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் மலையகம் என்ற சொல்லையே ஏந்தினர்.

'கூலி' என்ற சொல் மொழிபெயர்ப்பாளர்க்கு மற்றொரு சோதனை. தமிழில் அது ஊதியம். ஆங்கில வடிவிலோ இழிசொல். பழைய ஆவணத்தை மேற்கோளாகக் காட்டுமிடத்து அதனை உள்ளவாறே தருதல் வேண்டும். ஆவணத்தை மென்மைப்படுத்துவது பொய்யாகும். அருங்காட்சியகம் தன் குரலிற் பேசுமிடத்து 'தொழிலாளர்' என்பதே தகும். இவ்விரு குரல்களையும் எழுத்தின் வடிவாலேனும் வேறுபடுத்திக் காட்டாத சீட்டு படிப்பவரைப் புண்படுத்தும்.

மார்டள்ளி போன்ற ஊரில் இவ்வேலை தமிழ், கன்னடம் என்ற இரு மொழிகளில் நடைபெற வேண்டும். அங்குத் தமிழ் பேசுவோரின் வேளாண்கருவிப் பெயர்களிலும் அளவைப் பெயர்களிலும் எவை கோயம்புத்தூர்ப் பக்கத்து வழக்கு, எவை கன்னடத்தினின்றும் வந்தவை, எவை இரண்டிற்கும் பொதுவான பழந்திராவிடச் சொற்கள் என்பது பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலன்றித் தெளியாது. கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கோடிட்ட குறிப்பேடு ஒன்றில் முதல் ஐம்பது பொருள்களின் பெயர்களை, சொன்னவர் பெயருடன், இரண்டு எழுத்துகளிலும் எழுதி வைக்கலாம். பொருள்கள் அதுவரை அவரவர் வீட்டுப் பரணிலேயே இருக்கட்டும்.