கடை மாத்திரையும் காலந்தாழ்ந்த சிகிச்சையும்

வெளிறிய முகத்தோடு வருகிறவர்கள்

பெங்களூரு ஈஜிபுராவின் சந்துகளிலிருந்தும் அடுத்துள்ள நீலசந்திராவிலிருந்தும் வைத்தியர்களாகிய எங்களிடம் வரும் நம் பெண்களில் பலர், மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய கருக்கலைப்பு மாத்திரையை விழுங்கி, நாட்கணக்கில் உதிரம் பெருகி, நிற்கவும் இயலாத நிலை வந்த பிறகே வருகிறார்கள் என்பதும், வந்தபின்னும் மாத்திரை தின்றதைச் சொல்ல அஞ்சுகிறார்கள் என்பதும் என் மனத்தை விட்டு அகலாத துக்கம்.

தவறான நம்பிக்கைகள்

"கடைக்கார அண்ணனுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்னும் அக்கருக்கலைப்பு மருந்துகள் இரண்டும் தம்மளவில் கொடியவை அல்ல. கடைசியாகத் தூரமான நாளிலிருந்து 9 வாரத்துக்குள், வைத்தியர் மேற்பார்வையில் உட்கொண்டால் பெரும்பாலோருக்குத் தீங்கின்றிப் பயன்படுபவை. ஆனால் கர்ப்பம் எத்தனை வாரம், ரத்தசோகை உண்டா, கரு கருப்பையில் இருக்கிறதா அன்றிக் குழாயில் தங்கிவிட்டதா என்பதைக் கல்லாப்பெட்டியின் பின்னால் நிற்பவர் எவ்வாறு அறிவார்? குழாயில் தங்கிய கருவை இம்மாத்திரை கலைக்காது. உதிரம் கண்டதும் 'கலைந்துவிட்டது' என்று நம்பியிருக்கையில், குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் பெருகி உயிருக்கு அபாயமாகிவிடும்.

"நிறையப் போனால்தான் சுத்தமாகும்" என்பது மற்றொரு பேதைமை. மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் ஜுரம் நீடித்தாலோ, மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கரு கலையுமென்று தின்னும் பப்பாளியும் எள்ளும் வாரங்களை வீணாக்கும். கலைப்பதற்கென்று உள்ளே செருகும் எருக்கங்குச்சியோ கருப்பையைக் கிழித்துச் சீழ் பிடிக்கச் செய்து கொல்லும். இன்னுமா இந்தக் குச்சி!

முறையாகக் கலைத்தால் பின்னர்ப் பிள்ளை தங்காது என்பதும் பொய். கவனியாமல் விட்ட கிருமித்தொற்றே மலட்டுத்தன்மைக்குக் காரணமாகிறது.

பரிசோதனை

எங்களிடம் வந்தால் செய்யும் பரிசோதனைகள் சிறுநீர், ரத்தம், ரத்தவகை, தேவையானால் ஸ்கேன், அவ்வளவே.

சட்டம் உங்கள் பக்கம்

1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும், சட்டம் கூறும் காரணங்களுக்காக, 20 வாரம் வரை ஒரு வைத்தியரின் அபிப்பிராயத்தின் பேரிலும், குறிப்பிட்ட சிலருக்கு 24 வாரம் வரை இருவர் அபிப்பிராயத்தின் பேரிலும் கலைப்பை அனுமதிக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவளுடைய சம்மதமே போதும். கணவன் கையொப்பம் வேண்டியதில்லை. மணமாகாதவளென்று பேதம் பாராட்டலாகாது என 2022-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பெயரை வெளியிடும் வைத்தியருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தகுதியற்றவர் கலைத்தாலோ 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல்.

ஒரு வேண்டுகோள்

தாய்மாரே, தங்கைமாரே, ரகசியம் காக்கவென்று கடைக்குப் போகாதீர்கள். அந்த ரகசியத்தைக் காக்கும் கடமை எங்களுடையது. நாள் தள்ளிய வாரமே வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவமனைக்கோ, அங்கீகாரம் பெற்ற வேறிடத்துக்கோ செல்லுங்கள். மாத்திரை தின்றிருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.