வீட்டு மாவா, பாக்கெட் மாவா?

"எதையும் வீட்டிலேயே செய்தால் பாதிச் செலவுதான்!" இதைக் கேட்டுக் கேட்டு நம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு மாமி சொல்வார், சிக்கனக் குறிப்பு எழுதுகிறவர்களும் சொல்வார்கள். அந்தப் பாதி எங்கேயிருந்து மிச்சமாகிறது என்று பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் மட்டும் என் கண்ணில் படவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் விலைக்கு, எங்கள் வீட்டு அளவுக்குப் போட்ட கணக்கு இது. உங்கள் ஊரில் ஐந்து பத்து ரூபாய் ஏறி இறங்கலாம்.

எங்கள் ஊர் திருப்புலிவனம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் இருக்கிறது. வியாக்ரபுரீஸ்வரர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் தவிர வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. ஆனாலும் இங்கே மளிகைக் கடைகளில் இட்லி மாவு பாக்கெட் இருக்கிறது, சாம்பார்ப் பொடி சரம் சரமாகத் தொங்குகிறது, ஐந்து ரூபாய் சிப்ஸ் இருக்கிறது. பட்டணத்துப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மத்திய அரசு 2022-23-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்துக் குடும்பங்கள் மாதச் செலவில் 9.62 சதவீதத்தைப் பானங்களுக்கும் பலகாரங்களுக்கும் தயாரித்து விற்கும் உணவுக்கும் கொடுக்கின்றன. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குப் போவது 4.91 சதவீதம்தான். அரிசிக்குக் கொடுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

முதலில் இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இட்லி அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம். அரிசி கிலோ 50 ரூபாய் என்றால் 40 ரூபாய். உளுந்து கிலோ 140 என்றால் 28 ரூபாய். வெந்தயம், உப்புக்கு இரண்டு ரூபாய் போடுங்கள். ஆக மொத்தம் 70 ரூபாய். தண்ணீரோடு சேர்த்து இரண்டே கால் கிலோ மாவு வரும். கடையில் ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய், அதே இரண்டே கால் கிலோவுக்கு நூற்றுப் பன்னிரண்டரை ரூபாய். வித்தியாசம் நாற்பத்திரண்டரை ரூபாய். கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிஷம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் கொண்டுவந்த ஏற்பாட்டுக்குள் அது இருக்கிற இடம் தெரியாது. இட்லி வேகிற கேஸ் செலவு எந்த மாவுக்கும் ஒன்றுதான், அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

சரி, மாவு அரைக்கிற ஆளுக்கு என்ன செலவு?

அரிசி பருப்பைப் பொறுக்கிக் களைந்து ஊற வைக்கப் பத்து நிமிஷம். கிரைண்டர் தானாக ஓடுகிறது என்பார்கள். நடுநடுவே தண்ணீர் தெளிக்கணும், ஓரத்தில் ஒட்டினதை வழித்துத் தள்ளணும், உளுந்து பொங்கி வரும்போது பார்த்து எடுக்கணும். அப்புறம் கல்லைத் தூக்கிக் கழுவி, டிரம்மைக் கழுவி, சிந்தினதைத் துடைத்து... எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் குறையாமல் போகிறது. அந்த ஒரு மணிக்கு என்ன கூலி போடுவது? எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கூலி இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய்.

மிச்சம் நாற்பத்திரண்டரை, கூலி நாற்பத்திரண்டு. ஆக, லாபம் ஐம்பது காசு!

"வீட்டில் செய்தால் மிச்சம்" என்கிறார்களே, அந்த மிச்சம் முழுக்க அரைக்கிறவளுடைய கூலிதான். அது அவள் கைக்கு வருவதில்லை, குடும்பச் செலவில் குறைந்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு, "ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு யார் வேலை கொடுத்து 42 ரூபாய் தரப் போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒரு மணிக்குக் கால் நீட்டி உட்காரலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம், தைக்கலாம். கூலி கொடுக்க ஆள் இல்லை என்பதால் அந்த நேரத்துக்கு விலையே இல்லையென்று ஆகிவிடாது. 2024-ல் எடுத்த அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்கள் 88 நிமிஷம். கை வைக்கிற ஆண்களின் கணக்கே அப்படி!

இந்த உழைப்புக்கு விலை உண்டு என்பதை அரசாங்கமே ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டது நம் ஜில்லாவில்தான். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த ஊரான காஞ்சிபுரத்தில், அவருடைய பிறந்த நாளன்று மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கினார்கள். குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய்தான் ஆகிறது, கிரைண்டர் பக்கத்தில் நிற்கிற ஒரு மணிக்குக்கூடக் காணாது. இருந்தாலும் பெயர் சரியான பெயர்.

இதற்காகக் கிரைண்டரைப் பரணில் ஏற்றிவிட வேண்டுமா என்றால், அவசரப்படாதீர்கள். இட்லி அரிசிக்குப் பதிலாக ரேஷன் புழுங்கலரிசியைப் போட்டுப் பாருங்கள். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். நாலு தண்ணீர் விட்டு நன்றாகக் களைந்து ஊற வைத்தால் இட்லி பஞ்சு மாதிரி வரும். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இப்படித்தான். இப்போது மாவின் அடக்க விலை 70-லிருந்து 30 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பாக்கெட்டோடு ஒப்பிட்டால் மிச்சம் எண்பத்திரண்டரை ரூபாய். உங்கள் கூலி 42 ரூபாயைக் கழித்துக்கொண்டாலும் நாற்பது ரூபாய் நிஜமாகவே மீறுகிறது. மாசத்துக்கு எட்டுத் தடவை அரைத்தால் 320 ரூபாய். கிரைண்டரும் பல வீடுகளில் அரசாங்கம் கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தது. அரிசிக்கும் கிரைண்டருக்கும் விலை இல்லாத வீட்டில் வீட்டு மாவு நிச்சயம் ஜெயிக்கும். இரண்டையும் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் இழுபறிதான்.

தனியாக இருக்கிற பெரியவர்களுக்கும், இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கும் கணக்கு வேறு. இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு ஆழாக்கு உளுந்தைப் போட்டால் கல் சும்மா சுற்றும், மாவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பொங்காது. நிறைய அரைத்தால் நாலாம் நாள் புளித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. இவர்கள் மாவு வாங்குவதே சிக்கனம். அதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வாங்குவதிலும் ஒரு விஷயம் பாருங்கள். எங்கள் அடுத்த தெருவில் ஒரு அக்கா பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வைத்துச் சாயங்காலம் மாவு விற்கிறார். பாத்திரம் கொண்டுபோனால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துத் தருவார். "எப்படிக்கா கட்டுப்படி ஆவுது?" என்று கேட்டேன். "நீ ஒரு வூட்டுக்கு ஒரு மணி நேரம் நிக்கிற. நான் பத்து வூட்டுக்கும் சேத்து ரெண்டு மணி நேரம் நிக்கிறேன். அவ்ளோதாம்மா" என்றார். எத்தனை பெரிய பொருளாதாரப் பாடம்! நாம் ஒவ்வொருத்தரும் தனித்தனியாகக் கல்லைக் கழுவுவதில் போகிற நேரம் அவருக்கு வருமானமாகிவிடுகிறது. அங்கே வாங்கும்போது நாம் கொடுக்கிற கூலி இன்னொரு பெண்ணின் கைக்குப் போகிறது, ஊரை விட்டும் போகவில்லை.

சாம்பார்ப் பொடிக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. தனியா அரை கிலோ 60 ரூபாய், மிளகாய் கால் கிலோ 50, துவரம்பருப்பு 100 கிராம் 15, கடலைப்பருப்பு 50 கிராம் 5, மிளகு 25 கிராம் 18, சீரகம் 25 கிராம் 8, வெந்தயம் 25 கிராம் 3, விரலி மஞ்சள் 25 கிராம் 5. கூட்டினால் ஒரு கிலோவுக்கு 164 ரூபாய். மாவு மிஷினில் அரைக்க 20 ரூபாய். ஆக 184. கடைப் பொடி நூறு கிராம் 40 ரூபாய் என்றாலே கிலோ 400 ஆகிறது. மிச்சம் 216. வெயிலில் காய வைத்து, வறுத்து, மிஷினுக்கு நடந்து போய்வர மொத்தம் இரண்டு மணி நேரம், 84 ரூபாய். அதைக் கழித்தாலும் 132 ரூபாய் லாபம். ஒரு தடவை உழைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு மூன்று மாசம் வரும். மாவுக்கு வாரத்தில் இரண்டு தடவை நிற்க வேண்டும், பொடிக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நின்றால் போதும். எதை வீட்டில் செய்வது, எதை வாங்குவது என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கடைப் பொடி வாங்கியே ஆக வேண்டுமென்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மிளகு விலையில் உப்பை வாங்குவானேன்? உடனடி நூடுல்ஸ், சூப் பாக்கெட்டுகளில் சோடியம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. பெரியவர்களுக்கே நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் இரத்தக் கொதிப்புள்ளவர்கள் இருந்தால் இந்தப் பெருக்கல் அவசியம்.

பருப்பு விஷயத்தில் யோசனையே வேண்டாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதில் வைத்த சாம்பாரோடு எந்தப் பாக்கெட் சாம்பாரும் போட்டி போட முடியாது. குக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

பிள்ளைகளின் சாயங்காலத் தீனிதான் கண்ணுக்குத் தெரியாமல் காசைக் கரைக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டில் இப்போது ஒரு கிராம் என்ன விலை என்றும் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். நான் பார்த்த ஒன்றில் 40 பைசா. அப்படியானால் கிலோ 400 ரூபாய்! எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைப் பருப்பு கிலோ 130 ரூபாய்தான். நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. உப்புப் போட்டு வேக வைக்க அரை மணி, அதிலும் நாம் பக்கத்தில் நிற்பது ஐந்து நிமிஷம். பிள்ளைகள் உடனே ஒப்புக்கொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் வெல்லப் பாகில் உருட்டிக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

முறுக்கு, மிக்சர், அப்பளம் இவற்றை வீட்டில் செய்தால் மிச்சம் என்பதை நான் நம்பவில்லை. பண்டிகைக்குச் செய்யலாம், அது ஆசைக்காக. காய்ந்த எண்ணெய் கால் லிட்டர் மிஞ்சும், அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடம்புக்கு ஆகாது, கொட்டினால் மிச்சமும் சேர்ந்து போயிற்று. கொஞ்சமாக வேண்டுமென்றால் ஊரில் சுடுகிற அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது வீட்டு மாவுதான், ரேஷன் அரிசியில். ஊற வைப்பதும் பதம் பார்ப்பதும் நான். கல்லைத் தூக்கிக் கழுவுவது அவர் வேலை, டிரம்மைத் துடைப்பது பெரியவன். நான் நிற்கிற நேரம் ஒரு மணியிலிருந்து முப்பத்தைந்து நிமிஷமாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் வெளியூர் போகிற வாரத்தில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு அக்காவிடம் போய்விடுவேன்.