நிலமும் குடியும் – 9: குடிசைக்கு அடியில் இருந்த மண்

போன வாரம் கீழ்வெண்மணியில் நின்றோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் எரிந்த அந்த ஊரில் கேட்கப்பட்டது கூலி உயர்வு. இந்த வாரம் வடக்கே வருகிறோம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் கனகசெட்டிக்குளம். கிழக்கே கடல், மற்றப் பக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்கள். புதுச்சேரி நகரத்தோடு ஒட்டாமல் தனித் துண்டாகக் கிடக்கும் பழைய பிரெஞ்சு நிலம் இது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. மண் மட்டும் ஒன்றுதான்: சவுக்கும் முந்திரியும் மல்லாட்டையும் விளைகிற மணல் கலந்த புஞ்சை.

இந்த வித்தியாசத்தின் வேர் 1854-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 16-ல் வந்த பிரெஞ்சு அரசாணை, வரி கட்டி நிலத்தை வைத்திருந்தவர்களை அதன் முழு உரிமையாளர்கள் ஆக்கியது. பதிவேட்டில் பேர் இருந்தவருக்கு அது பெரிய வரம். அவரிடம் வாரத்துக்கு உழுதவருக்கும் படியாளுக்கும் அந்த ஏட்டில் இடமே இல்லை. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ல் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முடிந்தது. நிலச் சொந்தக்காரர்கள் அதே ஆட்களாக அப்படியே இந்தியாவுக்குள் வந்தார்கள்.

பிறகு சட்டங்கள் வந்தன. குத்தகைதாரர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1955-ல் ஒன்று, புதுச்சேரியில் 1970-ல் ஒன்று. உச்சவரம்புச் சட்டம் அங்கே 1961, இங்கே 1973. தமிழ்நாடு முதலில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தது. ஆனால் மூலச் சட்டத்தின் விலக்குப் பட்டியலைப் படித்தவர்களுக்கு நெஞ்சு பதறும். தோப்புகளுக்கு விலக்கு, மலைத்தோட்டங்களுக்கு விலக்கு, விறகு மரம் மட்டுமே வளர்க்கும் நிலத்துக்கும் விலக்கு. சவுக்கு நிற்கும் இந்தக் கடற்கரைப் பக்கம் அந்தக் கடைசி விலக்கு யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில விலக்குகளைப் பின்னால் நீக்கினார்கள். நீக்குவதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத அது ஏராளமான அவகாசம்.

நிலச் சீர்திருத்தம் என்றாலே எத்தனை ஏக்கர் கைமாறியது என்று பார்த்துப் பழகிவிட்டோம். ஏழை வீட்டு வாசலில் நின்று பார்த்தால் வேறொரு சட்டம் கண்ணில் படுகிறது. குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கிய சட்டம் அது. தமிழ்நாடு 1971-ல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூன் 19-ல் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு மனை சொந்தம் என்றது. புதுச்சேரி 1973-ல் தன் சட்டத்தை இயற்றியது. கேரளத்தில் 1970-லேயே, ஊராட்சிப் பகுதியில் குடிகிடப்புக்காரர் (பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர்) 10 சென்ட் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று உரிமை வந்தது.

சென்ட் கணக்கில் அளக்கும் இந்த மண் ஏன் அத்தனை முக்கியம்? குடிசை நிற்கும் மண் மிராசுதாருடையது என்றால், அந்தக் குடும்பம் கூலியை உயர்த்திக் கேட்க முடியாது. கேட்ட மறுநாள் "சாமானைத் தூக்கு" என்பார்கள். பக்கத்து ஊரில் கூலி அதிகம் என்றாலும் போக முடியாது. பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினால்கூட மனத்தாங்கல் வரும். அடிமனை சொந்தமானதும் இந்தக் கயிறு அறுந்தது. வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை முதன்முதலாக அந்த வீட்டுக்குள் வந்தது. உச்சவரம்பு எட்டாத வீடுகளுக்குக் கிடைத்த விடுதலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிலச் சீர்திருத்தம் பற்றிய பேச்சில் இதற்கு உரிய இடம் கொடுக்காதது பெரும் குறை.

இன்று அதே மனைக்கு வேறு திசையிலிருந்து நெருக்கடி. 1985-ல் உருவான புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் காலாப்பட்டில் ஏறக்குறைய 800 ஏக்கர். மருத்துவக் கல்லூரி வந்தது, சாலை அகன்றது, மனை விலை ஏறியது. அரசு நிலம் எடுக்கும்போது அன்று நடைமுறையில் இருந்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் இழப்பீடு பட்டாக்காரருக்குப் போகும். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுதவர் உரிமை கேட்க அடங்கலில் தன் பேரைக் காட்ட வேண்டும். களை எடுத்துப் பிழைத்தவருக்குக் காட்ட எதுவுமே இல்லை. 2013-ல் இயற்றப்பட்டு 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம்தான், நிலமில்லாவிட்டாலும் அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகள் பிழைத்த தொழிலாளர், வாரதாரர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்றது. நூற்றிருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மனை கிடைத்த குடும்பங்களிலும் ஒரு கவலை உண்டு. பட்டா தாத்தா பேரிலேயே கிடக்கும்; வாரிசுச் சான்றும் பேர் மாற்றமும் நடந்திருக்காது. விலை ஏறிய இடத்தில் இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் மலிவாக எழுதி வாங்கிப் போகிறார்கள். வருவாய்த் துறை ஊருக்கே வந்து முகாம் போட்டு, மனைவி பேரையும் சேர்த்துப் பட்டாவைப் புதுப்பித்துத் தர வேண்டும். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை.

சட்டமே இல்லாத இடம் சாலைக்குக் கிழக்கே இருக்கிறது. படகு ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் மீனவர்கள் தலைமுறைகளாகப் புழங்கும் மணல், ஏட்டில் புறம்போக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வீடு பற்றிப் பேசினார்கள், படகு பற்றிப் பேசினார்கள். கரை யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. காட்டில் வாழ்பவர்களின் கூட்டு உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கடற்கரையில் வாழ்பவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. மீனவர் அமைப்புகள் பல ஆண்டுகளாக அதைக் கேட்டு வருகின்றன. அந்தக் கோரிக்கையின் விவரங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.