தொட்டியின் சான்றிதழில் எந்த எண்?

அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. கொல்லையில் புதைத்த தொட்டிதான் கழிவுநீரைக் கவனித்துக்கொள்கிறது. பல வீடுகளில் குடிநீர்க் கிணறும் அதே மனையில். புதுத் தொட்டி விற்பவர் '40' என்று எண் போட்ட சான்றிதழை நீட்டுவார். நல்ல சான்றிதழ்தான், ஆனால் அது எதற்குச் சான்று என்று கேட்க வேண்டும்.

ஆறு மாதப் பரீட்சை

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் இருக்கும் என்எஸ்எஃப் அமைப்பின் 40-ஆம் தரவிதிப்படி, தொட்டிக்குள் 26 வாரம் நிஜச் சாக்கடை நீரை விட்டுப் பார்க்கிறார்கள். துணி துவைக்கும் நாள்போல் ஒரேயடியாகக் கொட்டுவார்கள். எல்லோரும் வேலைக்குப் போகும் வீடுபோல் காலையும் மாலையும் மட்டும் விடுவார்கள். 48 மணி நேரம் மின்சாரத்தையும் நிறுத்துவார்கள். (நம்மூர் மின்வெட்டு தெரிந்தவர் எழுதிய விதியோ!) எனக்குப் பிடித்தது விடுமுறைச் சோதனை: எட்டு நாள் சொட்டு நீர் வராது, உள்ளே கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பட்டினி. வீட்டார் திரும்பியதும் அழுக்குத் துணி மூட்டை முழுவதும் துவைத்த தண்ணீர் அவற்றின் தலையில் இறங்கும்.

இத்தனைக்கும் நடுவே கம்பெனிக்காரர் வந்து பழுதுபார்க்கக் கூடாது. வெளியேறும் நீரில் 30 நாள் சராசரியாக, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், கரிமக் கழிவின் ஆக்சிஜன் தேவை 25 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

கிருமி செத்ததா என்று 40 கேட்பதில்லை. புற ஊதா விளக்கு, குளோரின் போன்ற கிருமிநீக்கக் கருவிகளுக்கு 46 என்று தனி விதி. நைட்ரஜனைப் பாதியாவது குறைக்கிறதா என்று பார்ப்பது 245.

இந்த 245 கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முக்கியம். கழிவின் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாகிக் கிணற்றில் கலக்கலாம். அப்படி நைட்ரேட் கலந்த நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடும்.

புதைத்த பிறகு

விலையிலேயே இரண்டு ஆண்டுச் சேவையும் நான்கு முறை நேரில் வந்து பார்ப்பதும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் 40-இன் நிபந்தனை. அதன்பின் தொட்டிக்குள் காற்றூட்டும் மோட்டார் நின்றால் கவனிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. தனியார் கிணற்று நீரும் அப்படியே. ஆண்டுக்கொருமுறை கோலிஃபார்ம் கிருமி, நைட்ரேட் முதலியவற்றுக்குச் சோதிக்கச் சொல்கிறது அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கூட்டாட்சிக் குடிநீர்ச் சட்டம் தனியார் கிணற்றைத் தொடாததால், பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் வீட்டுக்காரர் வேலைதான்.