ஈரப் பனியின் ஆபத்து

குளிர்காலம் சூடேறினால் மலையில் பனி குறையும். பனி குறைந்தால் பனிச்சரிவும் குறையும். இப்படித்தான் பலரும் நினைப்பார்கள். பிரான்சின் வோஸ்ஜ் மலைத்தொடரில் அதுவே நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அங்கு நேர்ந்த பனிச்சரிவுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதை 2021இல் வெளியிட்டார்கள். வோஸ்ஜ் தாழ்வான மலைத்தொடர்; அதன் மிக உயர்ந்த சிகரமே 1,424 மீட்டர்தான்.

இமயமலையில் நிலைமை நேர்மாறு.

இமாச்சலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் பழைய பதிவேடுகள் அரிது. அதனால் ஆய்வாளர்கள் அங்குள்ள ஊசியிலை மரங்களைத் துளையிட்டுப் பார்த்தார்கள். பனி மோதிச் சாய்ந்த மரம் மறுபடி நிமிர முயலும்போது, சாய்ந்த பக்கத்தில் வளையம் தடித்து, நிறமும் கருக்கும். பட்டை உரிந்த இடத்தில் வடு தங்கும். அதையொட்டிப் பிசின் நாளங்கள் வரிசைகட்டும். வளையங்களை எண்ணினால் மோதிய ஆண்டு தெரிந்துவிடும். இப்படி 150 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைத் திரட்டி 2018இல் வெளிவந்த ஆய்வு, அண்மைப் பத்தாண்டுகளில் பனிச்சரிவுகள் பெருகியிருப்பதையும், அவை முன்பைவிட அதிகத் தொலைவு பாய்வதையும் காட்டியது.

காரணம் ஈரம். உயரமான இமயச் சரிவுகளில் இன்னமும் பனி ஏராளமாகக் குவிகிறது. குளிர்காலக் கடைசியில் வெப்பம் கூடும்போது மேற்பரப்பு உருகி, நீர் உள்ளே இறங்குகிறது. பனித்துகள்களைப் பிணைக்கும் உறைந்த கழுத்துகள் இளகுகின்றன. கீழே இறுகிய அடுக்கு ஏதாவது இருந்தால் நீர் அதன்மேல் தேங்கி வழுக்குதளமாகிறது. பனி பெய்ய வேண்டிய நேரத்தில் மழை பெய்தாலோ, எடையும் ஈரமும் ஒருசேரக் கூடுகின்றன.

உலர்ந்த பனிச்சரிவு புழுதிமேகம்போல் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்வரை பாயக்கூடியது. ஈரப் பனி அத்தனை வேகம் போகாது. ஆனால் கலந்துவைத்த சிமென்ட்போல் கனத்து, ஓடைவழியே மரங்களையும் பாறைகளையும் வாரிக்கொண்டு இறங்கும், நின்றதும் இறுகிவிடும். அதற்குள் சிக்கியவரைத் தோண்டி மீட்பது பெரும்பாடு.

இந்திய இமயமலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் இருக்கிறது. புதிதாக எவ்வளவு பனி விழுந்தது என்ற கணக்கு மட்டும் இனி அதற்குப் போதாது. இரவில் பனி மறுபடி உறைந்ததா, நீர் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். பழைய பனிச்சரிவுப் பாதைகளை வைத்து இது பாதுகாப்பான இடம் என்று குறித்த வரைபடங்களையும், பனி இப்போது எட்டும் தொலைவுக்கேற்பத் திருத்தியாக வேண்டும். மலைச்சாலைகளும் விடுதிகளும் அந்தத் தொலைவுக்குள்தான் பெருகிவருகின்றன.